பல்செட்டுக்கு பில் இருக்கா?

நடுவர் ஐயாவுக்கு வணக்கம், எங்க அணி, எதிரணி, மைக்செட் தம்பி, பின்னாடி கடலை வறுக்குற அண்ணன் எல்லாத்துக்கும் சேத்து ஒரே வணக்கம். எட்டு நிமிஷம்தான் குடுத்திருக்காங்க. வணக்கத்துலயே மூணு நிமிஷத்த விட்டா அப்புறம் நான் என்னத்த பேச? சூப்பர் மார்க்கெட் வாசல்ல நம்ம பையைத் திறந்து பாக்குறது பாதுகாப்பா, அவமானமா, இதான் தலைப்பு, அவமானம்தான்னு பேச வந்திருக்கேன். ஆனா ஒன்னு, ஜெயிக்கிற அணிக்கு பரிசு என்னான்னு பாத்தீங்களா? சூப்பர் மார்க்கெட் கூப்பன்! நான் ஜெயிச்சா அந்தக் கூப்பனத் தூக்கிக்கிட்டு அங்கதான போகணும், வாசல்ல நிக்கிற ஆளு என் பையைத்தான திறப்பாரு. தோத்துட்டா நிம்மதியா வீட்டுக்குப் போயிருவேன். நடுவர் ஐயா பாத்து முடிவு பண்ணுங்க.

சரி, நேரா குமுளிக்குப் போயிருவோம். கம்பத்துல இருந்து எம்புட்டு நேரம், கூடலூர், லோயர் கேம்ப், அப்புறம் நாலு வளைவு சுத்தி மேல ஏறுனா செக்போஸ்ட். இந்தப் பக்கம் இறங்கி அந்தப் பக்கம் நடந்தா கேரளா. போன ஓணத்துக்கு முந்தி எங்க அம்மா, அறுபத்தெட்டு வயசு, "நேந்திரங்கா சிப்ஸ் வாங்கணும், கூட்டிட்டுப் போ"ன்னு ஒரே அடம். வாயில ஒரு பல்லு கிடையாது, சிப்ஸ் வேணுமாம். தேனியில ஒரு பெரிய கடையில நான் வாங்கிக் குடுத்த புதுச் செருப்ப அன்னைக்குத்தான் மொத மொத மாட்டுச்சு. அந்தச் செருப்ப ஞாபகம் வச்சுக்கங்க.

குமுளியில ஒரு சூப்பர் மார்க்கெட். பேரு சொல்ல மாட்டேன், சொன்னா அடுத்த ஓணத்துக்கு எனக்கு சிப்ஸ் கிடைக்காது. உள்ள நுழையுறோம். வாசல்ல யூனிபார்ம் போட்ட தம்பி ஒருத்தர் நிக்கிறாரு, அவரு ஒன்னுமே கேக்கல, சும்மா நிக்கிறாரு, எங்க அம்மா நேரா அவருகிட்ட போயி மஞ்சப்பைய ரெண்டு கையாலயும் அகல விரிச்சு, "பாத்துக்கப்பா"ன்னுச்சு. அவரு சங்கடப்பட்டு "வேண்டா அம்மச்சி"ன்னாரு. எனக்கு ஒரே வெக்கம். "ஏம்மா இப்படிப் பண்ற"ன்னு இழுத்துக்கிட்டு உள்ள போயிட்டேன்.

சிப்ஸ் அரைக் கிலோ, தேங்கா எண்ணெய் ஒரு லிட்டரு. பில்லு போட்டாச்சு, பில்லுல ஓட்டையும் போட்டுக் குடுத்தாச்சு. வெளிய வர்ற எடத்துல ரெண்டு பக்கமும் தூண் மாதிரி நிக்குமே, அதுக்குள்ள அம்மா கால வச்சுச்சு. டொய்ங்ங்ங்! கடையே திரும்பிப் பாக்குது. அந்த தம்பி வந்து, "அம்மச்சி, பேக் ஒன்னு துறன்னு காணிக்காமோ?" சம்பந்தம் பேச வந்தவங்க மாதிரி அம்புட்டு பணிவு. பணிவாத்தான் கேட்டாரு, ஆனா கேட்டது அம்புட்டு பேரு முன்னாடி.

ஒரு வேலைக்காரப் பிள்ளை வந்து பையில கைய விட்டுச்சு. வெத்தலைச் சுருக்குப்பை வந்துச்சு. பிரஷர் மாத்திரை அட்டை வந்துச்சு. கர்ச்சீப்ல முடிச்சுப் போட்ட சில்லறை வந்துச்சு. கடைசியா ஒரு எவர்சில்வர் சம்படம். அந்தப் பிள்ளை அத எடுத்து காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாத்துச்சு, உள்ள கடகடன்னுது. ஆகா, மாட்டிக்கிச்சுன்னு சூப்பர்வைசரு ஓடியாராரு. மூடியத் திறந்தா… எங்க அம்மாவோட பல்செட்டு! மேல் வரிசை, கீழ் வரிசை ரெண்டும் அந்தப் பிள்ளையப் பாத்து சிரிக்குது. அது "அய்யோ"ன்னு சம்படத்த விட, சூப்பர்வைசரு தாவிப் பிடிச்சு, பிடிச்சவரு அதையே உத்துப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு, நம்ம கடையில இந்த ஐட்டம் விக்கிறோமான்னு யோசிக்கிறாரு! "பல்செட்டுக்கு பில் இருக்கா?"ன்னு கேட்டாரு. (உண்மையச் சொல்லணும், அவரு கேக்கல, அது நான் சேத்தது. பட்டிமன்றத்துல இதுக்கு அனுமதி உண்டு.)

பின்னாடி இருக்கவங்களுக்கு கேக்கலையாம், கைய ஆட்டுறாங்க, இன்னொரு தடவை சொல்றேன். சம்படம்… கடகட… பல்செட்டு! போதுமா?

அதோட முடியல. பைய கீழ வச்சுட்டு வெறுங்கையோட நடக்கச் சொன்னாங்க. டொய்ங்ங். திரும்பி வரச் சொன்னாங்க. டொய்ங்ங். மறுபடி போ. டொய்ங்ங். எங்க அம்மா வாழ்க்கையில ஒரு வாசப்படிய இத்தன தடவை தாண்டினதில்ல, கல்யாணமாகி வந்தப்பக்கூட ஒரு தடவைதான். ஒரு சின்னப் பையன் போன்ல வீடியோ எடுக்குறான். கடைசியில உள்ள மூட்டை இறக்குற ஒரு தம்பி, நம்மூரு பிள்ளைதான், "அந்தம்மா செருப்பக் கழட்டச் சொல்லுங்கண்ணே"ன்னான். கழட்டிட்டு நடந்துச்சு. சத்தமே இல்ல! செருப்புக்கு அடியில சின்னதா ஒரு ஸ்டிக்கரு. அதான் அந்தத் தூண கத்த வைக்குமாம், பில்லு போடுற எடத்துல அத அடக்கிட்டுத்தான் பொருளக் குடுக்கணுமாம், தேனியில பில்லு போட்டவங்க மறந்துட்டாங்க. ஆக, தேனியில காசு குடுத்து வாங்குன செருப்புக்கு குமுளியில திருடிப் பட்டம்.

அன்னையில இருந்து எங்க அம்மா எந்தக் கடைக்குப் போனாலும் செருப்ப வெளிய விட்டுட்டுத்தான் போகுது. மளிகைக்கடை, மருந்துக்கடை, ரேஷன் கடை, எல்லாம். "கோயிலுக்குத்தான் கழட்டணும்னு நெனச்சேன்டி, கடைக்கும் கழட்டணுமாம்ல"ன்னு சொல்லுது. போன வாரம் பேங்குல கழட்டிட்டுப் போயிருக்கு. வெளிய வந்து பாத்தா செருப்பக் காணோம்! இப்ப சொல்லுங்க ஐயா, திருட்டு எங்க நடக்குது?

எதிரணியில தம்பி பேசுனாரு. நல்லா பேசுவாரு. "கோவலன்கிட்ட மட்டும் சிலம்புக்கு பில் இருந்திருந்தா தலை தப்பிச்சிருக்கும்க்கா, அதுக்குத்தான் பில்ல செக் பண்றோம்"னு ஒரு போடு போட்டாரு. நீங்க எல்லாம் கைதட்டுனீங்க. நானும் தட்டுனேன், நல்லாருந்துச்சு. ஆனா தம்பி, கோவலன் மதுரைக்கு விக்கப் போனவன்யா, வாங்கப் போனவனா? விக்கப் போனவன்கிட்ட எதுக்கு பில்லு? சரி அத விடுங்க. உண்மையில சிலம்பத் திருடினது யாரு? அந்தப் பொற்கொல்லன். அரண்மனைக்கு வேலை பாக்குற ஆளு. உள்ளாளு! "திருடன் சிக்கிட்டான் ராசா"ன்னு போயி சொன்னதே திருடன்தான். அவன் பைய எவன் திறந்தான்? வெளியூர்க்காரன், அலைஞ்சு வந்தவன், கேக்க நாதி இல்லாதவன், அவன்தான் மாட்டுனான். கடைசியில அங்கயும் ஒரு செக்கிங் நடந்துச்சு தம்பி, பண்ணது யாரு? கண்ணகி. ராசா சபையிலயே சிலம்ப உடைச்சா. ராணி சிலம்புல முத்து, இவ சிலம்புல இருந்து மாணிக்கம் தெறிச்சு ராசா மூஞ்சியில விழுந்துச்சு. பாண்டியன் சிம்மாசனத்துலயே உசுர விட்டான். தப்பா ஒருத்தன சந்தேகப்பட்டதுக்கு ராசா உசுர விட்ட மண்ணு இது, குமுளியில அந்த மேனேஜரு ஒரு சாரி சொல்ல மாட்டேன்னுட்டாரு! உசுரெல்லாம் வேண்டாம் சார், ஒரு சாரி போதும்.

அந்தக் கண்ணகி எங்க வந்தா? நம்ம மலைக்குத்தான. அவளோட மங்கலதேவி கோயிலு வருஷத்துல ஒரு நாளு, சித்ரா பௌர்ணமிக்கு மட்டும்தான் தெறக்குறாங்க. பளியங்குடி வழியா ஏறுங்க, குமுளியில இருந்து ஜீப்புல போங்க, எப்படிப் போனாலும் வனத்துறைக்காரங்க பிளாஸ்டிக் பாட்டில் இருக்கான்னு பையப் பாக்குறாங்க. "அங்க மட்டும் காட்டுறீங்களே"ன்னு தம்பி எந்திரிக்கப் போறாரு, உக்காருங்க, நானே சொல்லிர்றேன். காட்டுறேன், சந்தோஷமாக் காட்டுறேன், ஏன்னா அது புலிக் காடு, அங்க எல்லார் பையையும் பாக்குறாங்க. வேட்டி கட்டுனவரு, ஜீன்ஸ் போட்டவரு, கார்ல வந்தவரு, நடந்து வந்தவரு, அத்தன பேரையும். கடையில அப்படியா பாக்குறீங்க? தோல் பைய மாட்டிக்கிட்டு இங்கிலீஷ்ல பேசிக்கிட்டு ஒரு அம்மா வந்தா "வாங்க மேடம்", மஞ்சப்பையோட வந்தா "பையக் காட்டு". நான் சண்டை போடுறது அதுக்குத்தான்.

அப்புறம் மொதல்ல பேசுன அண்ணன், கடைக்காரங்க பையப் பாக்கலாம்னு சட்டம் சொன்னாரு. சட்டத்தப் பத்தி எனக்கும் கொஞ்சம் தெரியும்ணே. போலீசே ஒரு பொம்பளைய சோதிக்கணும்னா பொம்பளை போலீஸ்தான் சோதிக்கணும், அதுவும் மரியாதையா. 2024 ஜூலை 1ல இருந்து வந்திருக்க புதுச் சட்டத்துல, 5000 ரூபாய்க்குக் கீழ திருடினவன், மொத தடவைன்னா, பொருளத் திருப்பிக் குடுத்துட்டா சமூக சேவை பண்ணச் சொல்றாங்க. திருடினவனுக்கே சட்டம் இம்புட்டு எறங்கி வருது, திருடாத எங்க அம்மாவுக்கு நீங்க ஒரு ஸ்டூல் போடலையேண்ணே!

இன்னொன்னு. நம்ம அண்ணாச்சி கடையில திருட்டு நடக்குமா? அண்ணாச்சி உள்ள, நாம வெளிய, அவரா எடுத்து நிறுத்து பொட்டலம் கட்டிக் குடுத்தாத்தான் உண்டு. 1916ல அமெரிக்காவுல மெம்பிஸ்ங்கிற ஊர்ல ஒருத்தரு, நீங்களே உள்ள போங்க, நீங்களே எடுங்கன்னு கடையத் திறந்து விட்டாரு. ஆள் கூலி மிச்சம், கண்ணுல பட்டதெல்லாம் கூடைக்குள்ள விழும், யாவாரம் பெருகும். எடுன்னு சொன்னதும் நீ, லாபம் பாத்ததும் நீ, எடுத்தியான்னு கேக்குறதும் நீயா? 1895ல முல்லைப் பெரியாறு அணையக் கட்டி பென்னிகுவிக் நமக்குத் தண்ணிய திறந்து விட்டாரே, எவன் குடத்தயாவது சோதிச்சாரா? (தலைப்புக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு நடுவர் பாக்குறாரு. கம்பத்துல மேடை ஏறிட்டு அவரு பேரச் சொல்லாம இறங்குனா நாளைக்கு எனக்கு யாரும் டீ குடுக்க மாட்டாங்க ஐயா.)

மணி அடிச்சுட்டீங்க. ஒரு நிமிஷம்.

"மடியில கனம் இல்லேன்னா வழியில பயம் எதுக்கு"ன்னு எதிரணியில மூணு பேருமே சொன்னீங்க. அந்த மடிய பத்தி மட்டும் சொல்லிட்டு உக்காந்துர்றேன். எங்க அம்மா ஏலக்காத் தோட்டத்துல காய் எடுக்கப் போன ஆளு. முப்பது வருஷம். வெள்ளனா எந்திரிச்சு, தூக்குவாளியில சோத்தப் போட்டுக்கிட்டு, இருட்டோட ஜீப்புல ஆடு மாதிரி அடைஞ்சு மலை ஏறணும். குத்துக்கால் வச்சு உக்காந்து தூர்ல இருக்க காய பாத்து பாத்து ஒடிக்கணும், கால்ல அட்டை கடிக்கும், விரலெல்லாம் கறை. 2019ல ஏலக்கா கிலோ ஏழாயிரம் வரைக்கும் ஏலம் போச்சு, எங்க அம்மா எடுத்த காலத்துல அம்புட்டு இல்ல, ஆனா எப்பவும் அது பவுனு மாதிரித்தான். அதனால சாயங்காலம் ஜீப்பு ஏறுறதுக்கு முந்தி வரிசையில நிக்கணும். தூக்குவாளியக் கவுத்துக் காட்டணும். மடிய உதறிக் காட்டணும். வெத்தலைப் பைய திருப்பிக் காட்டணும். முப்பது வருஷமும் அந்த மடியில ஒன்னும் இருந்ததில்ல.

எங்க வீட்டுல பாயசத்துக்கு ஏலக்கா போட மாட்டாங்க. எனக்கு ரொம்ப நாளைக்கு காரணம் தெரியாது. விலை கூடன்னு போடலையாக்கும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். கடையில காசு குடுத்து வாங்குன நாலு காய தட்டிப் போட்டாக்கூட, வாசம் பக்கத்து வீட்டுக்குப் போகும்ல, "தோட்டத்துல இருந்து வந்ததா"ன்னு எவளாவது கேட்டுட்டா? அதுக்காக எங்கம்மா வாசமில்லாத பாயசம் வச்சுச்சு. பொங்கலுக்கும் அதான், எங்க பிறந்த நாளுக்கும் அதான்.

நீங்க பல்செட்டுக்கு சிரிச்சீங்க. நானும் அன்னைக்கு அந்தக் கடையிலயே சிரிச்சேன், வெக்கத்த மறைக்க. அம்மா ஏன் யாரும் கேக்காமலே பைய விரிச்சுக்கிட்டுப் போச்சுன்னு வர்றப்ப பஸ்ஸுல உக்காந்துதான் யோசிச்சேன்.

அந்தா, மூணாவது வரிசையில, பச்சைச் சேலை, செருப்பில்லாம உக்காந்திருக்குல்ல, அதுதான். சாயங்காலம் வர்றப்ப இந்த மண்டப வாசல்ல கல்கண்டும் சந்தனமும் வச்சுக்கிட்டு ஒரு சின்னப் பையன் நின்னான். எங்கம்மா சந்தனம் எடுக்கல. மஞ்சப்பைய விரிச்சு அவன்கிட்ட நீட்டுச்சு. அவன் ஒன்னும் புரியாம, உள்ள ஒரு கல்கண்டப் போட்டான்.

நன்றி, வணக்கம்.