சத்தம் போடாத வண்டியை வாங்கும்போது

நேயர்களுக்கு வணக்கம். பழைய ஜப்பானிய சொகுசுக் காரை இரண்டாம் கையாக வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். நானே அப்படி ஒன்றைப் பல வருடங்களாக ஓட்டி, அதன் அடியில் படுத்துப் பழுது பார்த்து வருபவன். தாராளமாக வாங்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் பார்க்கும் விதம் தெரிந்து வாங்க வேண்டும்.

இந்த வண்டிகள் எப்படிப் பிறந்தன என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1983-இல் டொயோட்டாவின் தலைவர் எய்ஜி டொயோடா தன் ஆட்களைக் கூட்டி, உலகின் சிறந்த சொகுசுக் கார்களுக்குச் சவால் விடும் ஒரு காரை நம்மால் செய்ய முடியுமா என்று கேட்டார். ஆறு வருடம் கழித்து, 1989-இல், அதற்குப் பதிலாக வந்தது லெக்ஸஸ் எல்எஸ் 400. ஹோண்டா அதற்கு முன்பே, 1986-இல், அக்யூரா என்ற பெயரில் அமெரிக்காவில் லெஜெண்ட் காரை இறக்கியிருந்தது. நிஸானும் 1989-இலேயே இன்ஃபினிட்டி க்யூ45-உடன் வந்து சேர்ந்தது. இன்று பழைய ஜப்பானிய சொகுசுக் கார் என்று நாம் தேடுவதெல்லாம் பெரும்பாலும் இந்த மூன்று குடும்பங்களின் பிள்ளைகள்தான்.

எல்எஸ் 400-இன் தலைமைப் பொறியாளர் இச்சிரோ சுஸுகி. சத்தத்தைப் பஞ்சு வைத்து மூடுவதற்கு முன், அது பிறக்கிற இடத்திலேயே அடக்கிவிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். நான்கு லிட்டர் வி8 எஞ்சின், அதைத் தாங்க திரவம் நிரப்பிய மவுண்டுகள், எஞ்சினிலிருந்து பின்சக்கரம் வரை நேர்கோட்டில் போகும் தண்டு. அந்தக் கால விளம்பரம் ஒன்றை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். பானட் மேல் ஷாம்பெயின் கோப்பைகளைக் கோபுரமாக அடுக்கி, சக்கரங்களை உருளைகளின் மேல் அதிவேகத்தில் சுழல விடுவார்கள். ஒரு கோப்பைகூடச் சரியாது.

வாங்குகிறவருக்குச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் கேட்கக் கூடாது என்று பல வருடம் உழைத்துச் செய்த வண்டி, தன் நோயையும் உங்களுக்குக் கேட்க விடாது. சாதாரணக் காரில் சக்கர இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்தால் முதல் பள்ளத்திலேயே சொல்லிவிடும். இந்தக் காரில் தேய்ந்த பிறகும் வெகுநாள் சுகமாகத்தான் போகும். ஜன்னலை ஏற்றி, ஏசியைப் போட்டு, விற்பவர் பக்கத்தில் அமர்ந்து பேசிக்கொண்டு வர, பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால் உங்களுக்கு அதன் மேல் காதல் வரும். வேறு எதுவும் தெரிய வராது.

எனக்கு நடந்ததும் அதுதான். என் முதல் எல்எஸ் 400 ஒரு 1992 மாடல். ஓடிய தூரம் மிகக் குறைவு. பெயின்ட் கண்ணாடி போல இருந்தது. பானட்டைத் திறந்தால் எஞ்சின் பளபளவென்று கழுவி வைக்கப்பட்டிருந்தது. நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள் என்று நினைத்து வாங்கினேன். இரண்டே வாரத்தில் பேட்டரி விளக்கு எரிந்தது. பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டர் போய்விட்டது. கழற்றிய மெக்கானிக் அதை என் கையில் கொடுத்தபோது எண்ணெய் சொட்டச் சொட்ட இருந்தது. இந்த வண்டியில் பவர் ஸ்டீரிங் பம்ப் மேலே, ஆல்டர்னேட்டர் கீழே. பம்பின் சீல் காய்ந்து கசிந்தால் ஒவ்வொரு சொட்டும் நேராக ஆல்டர்னேட்டருக்குள் போகும். விற்பனைக்கு முன் எஞ்சினைக் கழுவியதால் அந்தத் தடம் என் கண்ணில் படவில்லை. அன்றிலிருந்து, லேசாகத் தூசி படிந்த எஞ்சினைப் பார்த்தால் எனக்கு நிம்மதி. கசிவு இருந்தால் தூசியே காட்டிக்கொடுத்துவிடும்.

குறைந்த கிலோமீட்டர் என்பதை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். முப்பது வருடம் ஆன காரில் ரப்பர், பிளாஸ்டிக், சீல், ஹோஸ் எல்லாம் வயதால் சாகின்றன. ஓடினாலும் சாகும், நின்றாலும் சாகும். நின்றே கிடந்த வண்டியில் சில சமயம் இன்னும் சீக்கிரம். என் அக்கா மகன் கார் தேடியபோது இரண்டு வண்டிகள் வந்தன. ஒன்று கொஞ்சமே ஓடியது, காகிதம் எதுவும் இல்லை. இன்னொன்று 3 லட்சம் கிலோமீட்டர் தாண்டியது. ஆனால் அதன் சொந்தக்காரர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில், எந்த ஆயில், எந்த பெல்ட், எந்த பால் ஜாயின்ட் என்று எல்லாம் அவர் கையெழுத்திலேயே இருந்தது. "மாமா, மூணு லட்சமா?" என்று அவன் தயங்கினான். அதைத்தான் வாங்க வைத்தேன். இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. மேட் ஃபரா என்ற அமெரிக்க வாகன எழுத்தாளர் சுமார் 9 லட்சம் மைல் ஓடிய 1996 எல்எஸ் 400 ஒன்றை வாங்கி, அதைப் 10 லட்சம் மைல் தாண்ட வைத்தார். பராமரித்தால் எஞ்சின் தாங்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, வண்டியைப் பார்க்கப் போகிறீர்கள். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். போனவுடன் பானட் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடலாம். அப்புறம், ஸ்டார்ட் செய்யும்போது நீங்கள் உள்ளே உட்காராதீர்கள். விற்பவரைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் நின்று புகையைப் பாருங்கள். முதல் நொடியில் நீலமாக ஒரு கொத்துப் புகை வந்து மறைந்தால் வால்வு சீல் காய்ந்திருக்கலாம். இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வந்துகொண்டே இருந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் எரிகிறது, அதை விட்டுவிடுங்கள். எல்எஸ் 400-இல் மூன்றாவதாக ஒன்றும் உண்டு. ஸ்டீரிங்கை முழுதாகத் திருப்பும்போது வெள்ளைப் புகை கிளம்பினால் பயந்து ஓட வேண்டாம். பவர் ஸ்டீரிங் பம்பில் உள்ள ஒரு சின்ன வால்வு கசிந்து, வேக்கம் குழாய் வழியாக ஸ்டீரிங் எண்ணெய் எஞ்சினுக்குள் போகிறது. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், சரிசெய்வது சின்ன வேலை.

பிறகு உள்ளே உட்கார்ந்து, பிரேக்கை மிதித்தபடி கியரை டி-இல் போடுங்கள். நியூட்ரலில் இல்லாத ஒரு நடுக்கம் சீட்டில் வந்தால், நான் முன்பு சொன்ன திரவ மவுண்டுகள் செத்துவிட்டன. ரிவர்ஸில் போட்டதும் பிடிக்கத் தாமதமாகிறதா என்று பாருங்கள். கியர் ஆயில் பார்க்கும் குச்சி இருந்தால் உருவி, வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது. பழுப்பாகி, தீய்ந்த வாடை அடித்தால் கியர்பாக்ஸ் அடி வாங்கியிருக்கிறது.

ஓட்டும்போது நான்கு ஜன்னல்களையும் இறக்கிவிடுங்கள். ஏசி வேண்டாம், ரேடியோ வேண்டாம். ஒரு நீளச் சுவரை ஒட்டி மெதுவாகப் போனால் அடியிலிருந்து வரும் சத்தம் சுவரில் பட்டு உங்கள் காதுக்குத் திரும்பி வரும். வேகத்தடையில் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஏற்றி இறக்குங்கள். டொக் என்று ஒரு அடி கேட்டால் புஷ்ஷோ, சக்கரம் திரும்ப உதவும் பால் ஜாயின்டோ போயிருக்கும். நல்ல வேகத்திலிருந்து பிரேக் பிடிக்கும்போது ஸ்டீரிங் உதறினால் பிரேக் டிஸ்க்கையும் முன்பக்க ஆர்ம் புஷ்களையும் சந்தேகப்படுங்கள்.

அதற்குப் பிறகு வண்டியைத் தூக்கிப் பார்த்தே ஆக வேண்டும். தூக்க விடமாட்டேன் என்று சொல்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீரிங் ராக்கின் இரு முனையிலும் மடிப்பு மடிப்பாக ரப்பர் உறை இருக்கும். அதை விரலால் மெல்ல அழுத்துங்கள். உள்ளே எண்ணெய் தளும்பினால் ராக் கசிகிறது. துருவைத் தேடும்போது சக்கர வளைவின் உள் ஓரத்தையும் ஜாக்கி வைக்கும் இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். நான்கு டயரையும் பாருங்கள். நான்கும் நான்கு கம்பெனி என்றால், அந்தச் சொந்தக்காரர் வண்டிக்குச் செலவு செய்த விதம் உங்களுக்குப் புரிந்துவிடும்.

எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் வந்தால், 1990-களின் தொடக்கத்து லெக்ஸஸில் எஞ்சின் கம்ப்யூட்டரின் பலகையில் உள்ள கப்பாசிட்டர்கள் என்ற சின்ன மின் பாகங்கள் கசியும் பழக்கம் உண்டு. கியர் முரட்டுத்தனமாக விழும், சில நேரம் எஞ்சின் அணைந்துபோகும். அந்தப் பெட்டியைத் திறந்தால் மீன் வாடை அடிக்கும். பலகை அரித்துப்போகாமல் இருந்தால் கப்பாசிட்டர்களை மட்டும் மாற்றிப் பிழைக்க வைக்கலாம். வேகமானியின் முள் இருட்டாவதும், ஏசி திரையில் எண்கள் அழிவதும் சகஜம். இவற்றால் வண்டி நிற்காது, விலை பேச உதவும்.

டைமிங் பெல்ட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். எஞ்சினின் பிஸ்டனும் வால்வும் தாளம் தவறாமல் இயங்க வைப்பது அதுதான். எல்எஸ் 400-இன் ஆரம்ப கால எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். 1998 மாடலில் வந்த, வால்வு திறக்கும் நேரத்தை மாற்றிக்கொள்ளும் விவிடி-ஐ எஞ்சினில் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி எஞ்சினே நாசமாகும். ஆகவே எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். காகிதம் இல்லாத பதில் எதுவாக இருந்தாலும், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற மாடல்களுக்கும் அததற்கான வியாதி உண்டு. 1990-களின் கடைசியில் வந்த லெக்ஸஸ் இஎஸ் 300-இன் வி6 எஞ்சினில், ஆயில் மாற்றாமல் விட்டால் ஆயில் கெட்டியாகிச் சேறு கட்டும். ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். முதல் தலைமுறை இன்ஃபினிட்டி க்யூ45-இல் ஆரம்ப வருட வண்டிகளின் டைமிங் செயின் வழிகாட்டிகள் பிளாஸ்டிக்கில் ஆனவை, உடைந்தால் கதை முடிந்தது. 2000-களின் தொடக்கத்து அக்யூரா டிஎல்-இல் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்தான் பலவீனம். லெக்ஸஸ் ஜிஎஸ் 300-இன் நேர் ஆறு சிலிண்டர் எஞ்சினை நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன். எந்தக் காராக இருந்தாலும் ஏர் சஸ்பென்ஷன் வைத்தது என்றால், இரவு நிறுத்திவிட்டுக் காலையில் ஒரு மூலை இறங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

ஜப்பானிலிருந்து நேராக இறக்குமதியான வண்டி என்றால் அதன் பெயர் வேறாக இருக்கும். எல்எஸ் அங்கே 2006 வரை டொயோட்டா செல்சியர். அதோடு ஏலத் தாள் வரும், அதாவது அங்கே ஏலத்தில் விற்கும்போது வண்டியைச் சோதித்து எழுதிய தாள். அதில் காரின் படம் போட்டு, கீறலுக்கு ஏ, நசுங்கலுக்கு யு, தட்டிச் சரிசெய்த அலைக்கு டபிள்யூ, துருவுக்கு எஸ் என்று குறித்திருப்பார்கள். மொத்தத் தரம் ஆர் அல்லது ஆர்ஏ என்று இருந்தால் விபத்தில் அடிபட்டுச் சரிசெய்யப்பட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். 2000-க்குப் பிந்திய சில லெக்ஸஸ், அக்யூரா, இன்ஃபினிட்டி மாடல்களில் டகாட்டா என்ற நிறுவனம் செய்த ஏர்பேக் இருக்கிறது. வெப்பத்திலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் கிடந்து அதன் ரசாயனம் கெட்டு, விரிய வேண்டிய நேரத்தில் வெடித்து உலோகத் துண்டுகளை ஓட்டுநர் மேல் வீசியிருக்கிறது. உயிர்கள் போயிருக்கின்றன. சேஸி எண்ணைத் தயாரிப்பாளரிடம் கொடுத்து, மாற்றியாயிற்றா என்று கேட்டுவிட்டு ஓட்டுங்கள்.

இனி பணம். யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு இல்லை என்று நிற்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கார் பழசாகி விலை இறங்கினாலும் அதன் உதிரிப் பாகத்தின் விலை இறங்குவதில்லை. வேலைக் கூலியும் அப்படித்தான். எல்எஸ் 400-இன் ஸ்டார்டர் மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். அது வி8 எஞ்சினின் இரு கரைகளுக்கு நடுவே, இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் புதைந்திருக்கிறது. தேய்ந்தது உள்ளே இருக்கும் இரண்டு சின்னச் செம்புத் தகடுகள்தான். அவற்றை எட்டுவதற்கு எஞ்சினின் மேல்பாதியைக் கழற்ற வேண்டும். ஆகவே கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். ஒரு நல்ல பங்கை ஒதுக்கி வையுங்கள். பழைய வண்டியில் கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கை முதலில் கண்டுபிடித்துவிட்டு, அதன் பிறகு காரைத் தேடுங்கள்.

வாங்கியதும் முதல் வாரத்திலேயே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், எல்லா எண்ணெய்களும், கூலன்ட், பிரேக் திரவம், காய்ந்த ஹோஸ்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சீட் மெருகு, பெயின்ட் பாலிஷ் எல்லாம் பிறகு. இதெல்லாம் முடிந்த மறுநாள் காலை, நீண்ட சாலை ஒன்றில் ஏறி, அன்றைக்கு இறக்கிவிட்ட அந்த நான்கு ஜன்னல்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.