சட்டமா? சுற்றமா? சுற்றமேங்கிற அணியில நான் பேசுனது

நடுவர் ஐயாவுக்கும், என்னை எங்க மடக்கலாம்னு பேப்பர்ல குறிச்சிக்கிட்டே இருக்கற எதிரணிக்கும், சேர் கிடைக்காம பந்தலுக்கு வெளில நிக்கிற எல்லாருக்கும் வணக்கம். போதையில வண்டி ஓட்டுறத தடுக்க பெரிசா உதவுறது சட்டமா சுற்றமா, இதுதான் தலைப்பு, நான் சுற்றத்துக்கு. பாட்டு பழமொழி எல்லாம் முன்னாடி பேசுனவங்களே தீத்துட்டாங்க, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

எதிரணித் தம்பி பேசும்போது பத்தாயிரம் ரூபா அபராதம், ஆறு மாசம் ஜெயில்னு அடுக்குனாரு. சரிதான், முன்னாடி ரெண்டாயிரமா இருந்தத 2019ல சட்டத்தை திருத்தி பத்தாயிரம் ஆக்குனாங்க, தமிழ்நாட்டுல 2022 அக்டோபர்லதான் நடைமுறைக்கு வந்துச்சு. அப்புறம் இங்கிலாந்துக்கு போயிட்டாரு, 1967ல ஊதுற மெஷினை கொண்டு வந்தாங்க சாவு குறைஞ்சுதுன்னாரு. நெசம்தான், நான் மறுக்கல. ஆனா தம்பி ஒண்ணை சொல்லாம விட்டுட்டாரு. இங்கிலாந்துல இன்னிக்கும் 100 மில்லி ரத்தத்துல 80 மில்லிகிராம் வரைக்கும் விட்டுடறாங்க, நம்ம சட்டத்துல 30ஐ தாண்டுனாலே கேஸ். பேப்பர்ல பாத்தா நம்ம சட்டம்தான் கறார். அப்படின்னா நம்ம ரோடுதானே பத்திரமா இருக்கணும்? 2022ல தமிழ்நாட்டுல மட்டும் ரோட்டுல செத்தவங்க 17,884 பேர். பிரிட்டன்ல அதே வருஷம் 1,711. எல்லாமே குடியால இல்ல, அது எனக்கும் தெரியும், ஆனா கறாரான சட்டம் இருந்தா போதும்னு சொல்றவங்க இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு தடவை பாருங்க.

ஏன் போதலன்னா, சட்டம் வேலை செய்யணும்னா அது மண்டைக்குள்ள போயி பயமா உக்காரணும், அந்த எடத்துலதான் சரக்கு ஏற்கனவே உக்காந்திருக்கே! குடிச்சா மொதல்ல அடிவாங்குறது கையும் காலும் இல்லைங்க, நிதானம். நடை தள்ளாடறதுக்கு ரொம்ப முன்னாடியே, இப்ப ஓட்டலாமா வேணாமான்னு தராசு புடிக்கிற புத்தி மழுங்கிடுது. அதனாலதான் யாரை கேட்டாலும் "நான் ஸ்டெடியா இருக்கேன் மாப்ள"ன்னு சொல்றான், அவன் பொய் சொல்லல, அவனுக்கு அப்படித்தான் தெரியுது. அந்த நேரத்துல பத்தாயிரம் ஞாபகம் வருமா? அப்படியே வந்தாலும் எந்த சிக்னல்ல செக்கிங்னு வாட்ஸ்அப் குரூப்ல வந்துடுது, மெயின் ரோட்டை விட்டு சந்துல பூந்துடறான்.

2017ல என்ன நடந்துச்சு, ஹைவேல இருந்து 500 மீட்டருக்குள்ள கடை கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னதால நம்ம ஊருல மூவாயிரத்துக்கு மேல டாஸ்மாக் மூடுனாங்க. நல்ல தீர்ப்பு. ஆனா நிறைய எடத்துல கடையை கொஞ்சம் தள்ளி ஊருக்குள்ள கொண்டு போய் வச்சாங்க, அப்ப அதை மறிச்சு உக்காந்தது யாரு, இன்ஸ்பெக்டரா? ஊர் பொம்பளைங்க! (கைதட்டுங்க, நேரம் போனா பரவால்ல.)

எங்க வீட்டு கதை ஒண்ணு சொல்றேன். திண்டுக்கல்ல ஒரு ரிசப்ஷன், எங்க மாமா ஒருத்தரு குவாட்டருக்கு மேலயே போயிட்டாரு, ராத்திரி பத்தரைக்கு புல்லட் சாவியை சுத்திக்கிட்டு கிளம்புறாரு. வாசல்ல எத்தனை பேர் நிக்கிறோம் தெரியுமா, பெரியப்பா, சித்தப்பா, மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க, நான், எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்றோம், "பாத்து போங்க." அவ்ளோதான். பாக்கவே முடியாத நெலமையில இருக்கறவரை பாத்து போங்கன்னு அனுப்பி வைக்கிறோம், தடுத்தா கோவிச்சுக்குவாரு, விசேஷ வீட்டுல எதுக்கு சண்டைன்னு. எங்க அத்தை மட்டும் எதுவும் பேசல, நேரா போயி சாவியை புடுங்கிட்டு உள்ள போயிட்டாங்க. மனுஷன் ஒரு மணி வரைக்கும் கத்துனாரு, என் மானம் போச்சுன்னாரு, என் வீட்டுக்கே வராதன்னாரு. அத்தை அசையல.

இப்ப தம்பி துள்றாரு, இது ஒரு குடும்பக் கதை, சட்டத்துல வராதுன்னு. வருது தம்பி. மோட்டார் வாகன சட்டத்துல குடிச்சிட்டு ஓட்டுறதுக்கான பிரிவு 185க்கு மூணு நம்பர் தள்ளி 188ன்னு ஒண்ணு இருக்கு, உடந்தையா இருந்தவனுக்கும் அதே தண்டனை. 2022ல சென்னை டிராபிக் போலீஸ் இதை வச்சுத்தான் குடிச்சவன் பின்னாடி தெரிஞ்சே உக்காந்து வர்றவன் மேலயும் கேஸ் போடுவோம்னு அறிவிச்சாங்க. அப்ப சட்டமே என்ன ஒத்துக்குது? என்னால தனியா முடியல, கூட இருக்கறவனே நீதான் புடிக்கணும்னு. எதிரணி நம்பி வந்த ஆளே எங்க மேடையில வந்து உக்காந்துட்டாரு!

இன்னொண்ணு, மெஷின்ல தெரியாத போதையும் இருக்கு. பதினேழு மணிநேரம் முழிச்சிருந்தவனோட தடுமாற்றம் கிட்டத்தட்ட 50 மில்லிகிராம் ஏறுனவனோடது மாதிரின்னு ஆராய்ச்சியில கண்டுபுடிச்சிருக்காங்க, நம்ம 30ஐ விட அதிகம். ஊதச் சொன்னா ஜீரோ காட்டும், போலாம்னு விட்டுடுவாங்க. திருச்செந்தூருக்கு ஒரு கல்யாணத்துக்கு வேன் புடிச்சு போறோம், முதல் நாள் காலையில இருந்து ஓட்டிட்டு இருக்கற டிரைவருக்கு இலை போடுறோம், ரெண்டாவது தடவை பாயசம் ஊத்துறோம், மண்டபத்துல மாப்பிள்ளை தோழனுக்கு கூட ஏசி ரூமு, அந்த மனுஷனுக்கு ஒரு பாய் போட்டமா? கொசுக்கடில வேன் சீட்டுல மடங்கி கெடப்பாரு, விடிகாலை மூணு மணிக்கு தட்டி எழுப்பி கிளம்புங்கண்ணேன்னு சொல்றது நாமதான். இதை எந்த செக்போஸ்ட்ல எப்படிங்க புடிப்பாங்க?

பெல் அடிச்சிட்டீங்க, ஒரே நிமிஷம் ஐயா, அத்தை கதையில பாதி பாக்கி இருக்கு. காலையில ஆறு மணிக்கு மாமா குளிச்சு திருநீறு பூசிக்கிட்டு பளிச்னு வந்து சாவி கேக்குறாரு. எலுமிச்சை, மோர், கருப்பு காப்பி எல்லாம் குடிச்சாச்சாம், தெளிஞ்சிருச்சாம். 100 மில்லி ரத்தத்துல ஈரல் மணிக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம்தான் இறக்கும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், காப்பி குடிச்சா தூக்கம் போகுமே தவிர ஈரல் வேகம் கூடாது. 42.8 சதவீத சரக்கு ஒரு முழு குவாட்டர், அதாவது 180 மில்லி, நடுத்தர உடம்புல மொத்தமா எறங்கவே சுமாரா ஒம்பது மணிநேரம் ஆகும், மாமா அதுக்கும் மேல போனவரு. அத்தைக்கு மில்லிகிராமும் தெரியாது ஈரலும் தெரியாது, மூஞ்சியை பாத்தாங்க, கண்ணை பாத்தாங்க, "இட்லி சாப்பிட்டு படுங்க, பதினோரு மணிக்கு தரேன்"னாங்க.

பதினொண்ணே காலுக்கு அரிசி டப்பாக்குள்ள கையை விட்டு எடுத்து குடுத்தாங்க. மாமா சாவியில ஒட்டியிருந்த தவிட்டை ஊதிட்டு, "பாத்து போறேன்"னு அவரே சொல்லிட்டு கிளம்புனாரு. வணக்கம்.