நெரவார் கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்ல முடியும்

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெங்களூரு சில்க் போர்டு நெரிசலில் நீந்தி அல்சூர் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இன்றைய தலைப்பு, 'ஒரு பாத்திரத்தின் கதையை வீடியோ கேம் பல விதமாகச் சொன்னால், எது உண்மை என்று ஆடுபவர் தீர்ப்புச் சொல்ல முடியுமா, முடியாதா?' நான் 'முடியும்' அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி மாரோவிண்ட் ஆட்டத்தை எடுத்து வைத்து, "நெரவார் எப்படிச் செத்தான் என்பதற்கு ஆளுக்கொரு கதை இருக்கிறது, எல்லாம் சமம், ரசித்துவிட்டுப் போங்கள்" என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கிவிட்டார். நானும் அதே ஆட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். வேறு ஆட்டத்துக்குத் தாவினால், பயந்து ஓடிவிட்டார் என்பார்.

முன்வரிசையில் பேரப்பிள்ளைக்காக வந்திருக்கும் மாமாக்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் மூன்றாவது ஆட்டம் மாரோவிண்ட். பெதஸ்தா நிறுவனம் 2002இல் வெளியிட்டது. நீங்கள் ஒரு கைதியாகக் கப்பலில் வந்து இறங்குகிறீர்கள். கொஞ்ச தூரம் ஆடியதும், பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் செத்துப்போன நெரவார் என்ற தலைவனின் மறுபிறவி நீங்களாக இருக்கலாம் என்று சொல்கிறார்கள். அவன் ரெட் மவுண்டன் என்ற எரிமலையில் நடந்த போரை ஒட்டிச் செத்தான். அதற்கப்புறம் அவனோடு இருந்த மூன்று பேர் கடவுள்கள் ஆனார்கள். ஒருத்தி அல்மலெக்ஸியா, அவனுடைய மனைவி. இன்னொருவர் சோதா சில். மூன்றாமவர் பெயர் விவெக். சிரிக்காதீர்கள், நம் சின்னக் கலைவாணர் இல்லை, இவர் வேறு. இந்த மூவருக்கும் கோயில், பூசாரி, திருவிழா எல்லாம் உண்டு. செத்தவனோ வெறும் புனிதர்.

இப்போது வழக்குக்கு வருவோம். கோயில் சொல்கிறது: நெரவார் போர்க்காயத்தால் இறந்தார், மூவரும் தங்கள் தவத்தாலும் ஒழுக்கத்தாலும் தெய்வமானார்கள். சாம்பல் பாலையில் கூடாரம் போட்டு வாழும் ஆஷ்லேண்டர்கள் சொல்கிறார்கள்: மூவரும் சேர்ந்து அவனைக் கொன்றார்கள், மலைக்குள் இருந்த ஒரு தெய்வத்தின் இதயத்திலிருந்து சக்தியைத் திருடிக்கொண்டார்கள். விவெக்கே தனியாக ஒரு கதை சொல்கிறார்: காயத்தால்தான் இறந்தான், ஆனால் அந்த இதயத்தைத் தொடமாட்டோம் என்று அவனுக்குச் செய்த சத்தியத்தை நாங்கள் பிற்பாடு மீறினோம். நான்காவதாக, மலைக்குள் இருக்கும் எதிரி, டாகோத் ஊர் என்பவன். நீ காவல் காக்கச் சொன்ன பொருளைத்தான் காத்துக்கொண்டிருந்தேன், நீயே வந்து என்னை வெட்டினாய் என்று உங்கள் முகத்துக்கு நேரே கேட்கிறான்.

நாலு சாட்சி, நாலு கதை. தம்பி இங்கேதான் பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். நான் கேட்கிறேன், இந்த ஊரில் பாதிப்பேர் ஐடி கம்பெனியில்தானே இருக்கிறோம்? ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் நெட்வொர்க் டீம் ஒரு கதை சொல்லும், டேட்டாபேஸ் டீம் ஒரு கதை சொல்லும், நேற்று ரிலீஸ் பண்ணியவர் லீவில் இருப்பார். காலையில் மேனேஜரிடம் போய், "எல்லாமே உண்மைதான் சார், ரசியுங்கள்" என்று யாராவது சொல்வோமா? லாகை, அதாவது நடந்ததையெல்லாம் சர்வரே எழுதி வைத்திருக்கும் பதிவை, திறந்து பார்ப்போம்.

மாரோவிண்டிலும் லாக் இருக்கிறது நடுவர் அவர்களே. ஆட்டத்துக்குள் அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள். எதையும் எல்லாம் தெரிந்த கதைசொல்லி எழுதவில்லை. ஒவ்வொன்றையும் அந்த உலகத்துக்குள் வாழும் ஒருவர் எழுதியிருக்கிறார், அவருக்கு ஒரு கட்சி இருக்கிறது, ஒரு பயம் இருக்கிறது. அதனால், என்ன எழுதியிருக்கிறது என்பதோடு நிற்காமல், எழுதியவர் யார், அந்த ஏடு எங்கே இருந்தது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆஷ்லேண்டர் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். நெரவாரின் கேடயத் தோழன் அலான்ட்ரோ சுல், தலைவன் செத்தபின் பாலைக்குப் போய் அந்த மக்களோடு வாழ்ந்தான், அவன் வாயிலிருந்து வந்த கதை இது என்கிறது மரபு. சரி, இந்தக் கதையின் எழுத்து வடிவம் நமக்கு எங்கே கிடைக்கிறது? ஆஷ்லேண்டர் கூடாரத்தில் இல்லை. அபோகிராஃபா என்று பெயர் வைத்து, கோயில் வெளியே காட்டாமல் பூட்டி வைத்திருந்த ஏடுகளில் கிடைக்கிறது. அந்த ஏட்டின் முன்னுரையே, இந்தக் கதைக்குப் பல வடிவங்கள் உண்டு, ஆனால் முக்கியமான கூறுகள் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருக்கின்றன என்று ஒப்புக்கொள்கிறது. வெளியே வந்து மக்களிடம் அதே கோயில், அது படிக்காத பாலைவாசிகளின் மூடநம்பிக்கை என்கிறது. வெறும் மூடநம்பிக்கை என்றால் பூட்டுக்கு என்ன வேலை?

எதிரணி அக்கா தலையை ஆட்டுகிறார். அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். ஆஷ்லேண்டர்களுக்கும் கோயில்மேல் பகை உண்டே, அவர்களும் கதை கட்டியிருக்கலாமே? நியாயமான கேள்விதான் அக்கா. அந்தக் கதையில் அல்மலெக்ஸியா விஷ மெழுகுவர்த்தி வைத்தாள், சோதா சில் விஷ அங்கி கொடுத்தார், விவெக் விஷ மந்திரம் சொன்னார் என்று வருகிறது. மூன்று பேர், மூன்று விஷம். கேட்கும்போதே தெரிகிறது, இது கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து சொல்லச் சொல்ல மெருகேறிய கதை. அந்த மெழுகுவர்த்தியை நான் நம்பவில்லை. ஆனால் மெழுகுவர்த்தி பொய் என்பதால் கொலையும் பொய் ஆகிவிடாது. வாய்மொழியாக வரும் கதையில் நகை கூடும், எலும்பு மாறாது.

இப்போது விவெக்கைக் கூண்டில் ஏற்றுவோம். கோயில் கதைக்கும் அவர் கதைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். தவத்தால் தெய்வமானோம் என்ற பகுதியை அவரே கைவிட்டுவிட்டார். இதயத்திலிருந்து எடுத்தோம், சத்தியத்தை மீறினோம் என்கிறார். அப்படியானால் கோயில் இத்தனை காலமும் சொன்னது பொய், பாலைவாசிகள் சொன்னதில் பாதி உண்மை. இதுவரை அவரே ஒப்புக்கொண்ட சேதி. மீதிப் பாதியை மட்டும் மறுக்கிறார். எப்போது ஒப்புக்கொள்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். டாகோத் ஊர் மறுபடி எழுந்துவிட்டான், மூவராலும் இதயத்தை நெருங்க முடியவில்லை, சக்தி வடிந்துகொண்டிருக்கிறது. உங்கள் கையால் டாகோத் ஊரை ஒழித்தால்தான் அவருக்கு விடிவு. அந்த நேரத்தில்தான் உங்களைத் தன் அரண்மனைக்குக் கூப்பிட்டுப் பேசுகிறார். தேவை வந்த பிறகு, தேவையான அளவுக்கு மட்டும் உண்மை பேசும் சாட்சியை எந்தக் கோர்ட் முழுசாக நம்பும்?

இத்தோடு முடிந்திருந்தால் சந்தேகத்தின் பலனை அவருக்கே கொடுத்துவிடலாம். முடியவில்லையே! விவெக் 36 பாடங்கள் எழுதியிருக்கிறார். ஆட்டம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் 36 புத்தகங்கள். படித்தால் தலை சுற்றும், பாதி கவிதை, பாதி தற்பெருமை. நானே பாதியில் மூடி வைத்திருக்கிறேன். ஆனால் 29ஆம் பாடத்தில் ஓர் எண் பட்டியல் வருகிறது. ஏதோ ஜோதிடம் மாதிரி இருக்கும். அந்தப் பட்டியலைச் சாவியாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாடத்திலும் அதற்குரிய எண் காட்டும் சொல்லை மட்டும் பொறுக்கி எடுத்து வரிசையாக வைத்தால் ஒரு வாக்குமூலம் வருகிறது. அவன் கடவுளாகப் பிறக்கவில்லை; விதி அவனை இந்தக் குற்றத்துக்கு இழுத்துவரவில்லை; தானே விரும்பி இந்த வழியைத் தேர்ந்தான்; தெய்வத்தன்மையைத் திருடி, ஹோர்டேட்டரைக் கொன்றான்; இதை எழுதியது விவெக். ஹோர்டேட்டர் என்பது நெரவாரின் பட்டம். போதாக்குறைக்கு, 36ஆம் பாடத்தில் பத்திகளின் முதல் எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் 'கொடிய கொலை' என்று வருகிறது.

தம்பி இதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். விவெக் பொய்யன் என்று நீங்களே சொல்கிறீர்கள், பொய்யனின் மறைமொழியை மட்டும் எப்படி நம்புவது என்றார். கெட்டிக்காரத்தனமான கேள்வி, கைதட்டலுக்குத் தகும். பொய் சொல்கிறவன் எதற்குச் சொல்கிறான் என்று பாருங்கள். தன்னை உயர்த்திக்கொள்ள, தப்பித்துக்கொள்ள. தன்னைக் கொலைகாரன் என்று, அதுவும் யாரும் எளிதில் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் எழுதி வைத்தால் என்ன லாபம்? ஊருக்கு முன்னால் மார்தட்டிச் சொன்னதை நான் சந்தேகிப்பேன். ஒளித்து வைத்துத் தனக்கு எதிராகவே எழுதியதை அவ்வளவு சுலபமாகத் தள்ள மாட்டேன்.

அப்புறம், எதிரணியின் பிரம்மாஸ்திரம். டிராகன் பிரேக். அதாவது, இந்த வரிசையில் காலமே உடைந்து, ஒன்றுக்கொன்று முரணான நிகழ்ச்சிகள் எல்லாம் சேர்ந்தே நடந்துவிடுவதும் உண்டு. 1996இல் வந்த டேகர்ஃபால் ஆட்டத்துக்குப் பல முடிவுகள் இருந்தன. அடுத்த ஆட்டம் செய்யும்போது, எந்த முடிவை வைத்துக் கதையைத் தொடர்வது என்ற சிக்கல் வந்தது. எல்லா முடிவும் நடந்தது என்று வைத்துக்கொண்டார்கள். சாமர்த்தியம், நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் கதைக்குள்ளேயே ஒரு காரணம் சொன்னார்கள், நூமிடியம் என்ற ராட்சத இயந்திரத்தை இயக்கியதால் காலம் உடைந்தது என்று. அதை எடுத்து வந்து ரெட் மவுண்டனுக்கும் ஒட்டவைக்கும் வாசகர்கள் இருக்கிறார்கள். ஒட்டட்டும். குற்றம் சாட்டப்பட்ட விவெக்கே உங்களிடம் சொல்லும் வாக்குமூலத்தில் காலம் உடைந்தது என்று தப்பிக்கப் பார்க்கவில்லை. காயத்தால் செத்தான் என்று சாதாரண மனிதன் மாதிரிதான் சொல்கிறார். கட்சிக்காரரே கேட்காத வாதத்தை வக்கீல் எதற்கு வைக்கிறார்?

எதிரணி அக்கா 'பொன்னியின் செல்வ'னைக் கொண்டுவந்தார். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி கடைசிவரை உடைத்துச் சொல்லவில்லை, அதனால்தானே இன்றைக்கும் பேசுகிறோம் என்றார். அரங்கமே ஆமோதித்தது. அக்கா, நாவலோடு நிறுத்திவிட்டீர்களே. காட்டுமன்னார்கோவில் உடையார்குடிக் கோயிலுக்கு ஒரு நடை போய் வாருங்கள். ராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் எனப் பெயர் சொல்லி, அவர்களும் உறவினர்களும் வைத்திருந்த நிலத்தைப் பறிமுதல் செய்த சேதி அதில் இருக்கிறது. அவர்களுக்குப் பின்னால் யார் இருந்தார், உத்தம சோழனுக்குப் பங்கு உண்டா என்பதில் வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் மோதிக்கொள்கிறார்கள். நீலகண்ட சாஸ்திரி சந்தேகப்பட்டார், மற்றவர்கள் மறுத்தார்கள். அந்தப் பகுதி திறந்தே கிடக்கட்டும். அதற்காக, துரோகிகள் என்று கல்லில் வெட்டிய பெயர்களையும் சேர்த்து அழிக்க வேண்டுமா? தெரிந்தவரைக்கும் தீர்ப்பு, தெரியாததற்கு வாய்தா. நெரவார் வழக்கிலும் நான் கேட்பது அவ்வளவுதான். எந்த விஷம் என்று எனக்குத் தெரியாது. மூவரில் யார் முதலில் யோசனை சொன்னார் என்பதற்கும் சாட்சி போதாது. கொலை என்பதற்குப் போதும்.

கதை சொல்பவரை மடக்கிக் கேட்பது கேமுக்குப் புதிதும் இல்லை. 2011இல் வந்த டிராகன் ஏஜ் 2 ஆட்டம் முழுக்க, வேரிக் என்ற குள்ளன் ஹாக் என்ற நாயகனின் கதையைச் சொல்கிறான். எடுத்த எடுப்பிலேயே அளந்துவிடுகிறான், ஹாக் பேய்ப்படையைப் பந்தாடுவதாக. எதிரில் விசாரிக்க உட்கார்ந்திருக்கும் கசாண்ட்ரா, நடந்தது இது இல்லை என்று பாதியிலேயே நிறுத்துகிறாள். கதை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. எதிரணியார் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் காபி குடித்துக்கொண்டே கடைசிவரை கேட்டிருப்பார்கள்.

மணி அடித்துவிட்டார் நடுவர். இன்னும் ஒரு நிமிடம் கொடுங்கள், இது முக்கியம்.

மாரோவிண்டில் உங்களுக்கு நடுநிலை என்ற ஓர் இருக்கையே போடவில்லை. விவெக் உங்கள் முன் மிதந்துகொண்டு ரெய்த்கார்ட் என்ற கைக்கவசத்தை நீட்டுகிறார். வாங்கிக்கொண்டு அவர் சொல்லும் வேலையைச் செய்யலாம். அல்லது அங்கேயே அவரைக் கொன்று கவசத்தை எடுத்துக்கொண்டு, ட்வெமர் என்ற மறைந்துபோன இனத்தின் கடைசி ஆளான யாக்ரம் பாகர்னைத் தேடிப்போய் அதை வேலை செய்ய வைத்து, வேறு வழியில் ஆட்டத்தை முடிக்கலாம். இரண்டுக்கும் ஆட்டம் இடம் கொடுக்கிறது. செத்தவனும் நீங்கள்தான், நீதிபதியும் நீங்கள்தான். 'முடியாது' அணித் தம்பி இந்த ஆட்டத்தை இரண்டு தடவை முடித்ததாகச் சொன்னார். அந்த அறையில் நின்றபோது அவர் கை எந்தப் பட்டனை அழுத்தியது? அழுத்தியபோது விவெக்கை நம்பினாரா, நம்பவில்லையா? எனக்கு அடுத்து மறுபடி மைக்குக்கு வரும் எதிரணி அக்கா, தம்பியிடம் கேட்டு அதைச் சொல்லட்டும். சொல்லும்போது அந்த 29ஆம் பாடத்துக்கும் ஒரு விளக்கம் தரட்டும். நன்றி, வணக்கம்.