கழற்றிப் பரணில் போடவா ஏசி?

நடுவர் அவர்களே, வணக்கம். பழைய கான்டெசா காரில் ஏசி கெட்டுப்போனால் கழற்றிவிடுவதா, பழுது பார்ப்பதா என்பது தலைப்பு. பழுது பார்ப்பதே சரி என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் மூன்று காரணம் சொன்னார். ஏசி போட்டால் எஞ்சின் இழுக்காது, ஓசோனைக் கெடுக்கும் பழைய ஏசி கேஸ் இனிக் கிடைக்காது, அந்தக் காலத்தில் ஏசி இல்லாமல்தானே ஓட்டினோம். கைதட்டலும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

முதலில் எஞ்சின். 1984இல் கான்டெசா வந்தபோது உள்ளே இருந்தது அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சின். சுமார் 50 குதிரைத்திறன். அந்தப் பெரிய உடம்பை இழுக்கவே அதற்கு மூச்சு வாங்கும். அதில் யாரோ பிற்பாடு டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு ஏசி கிட்டைத் தொங்கவிட்டிருந்தால், கழற்றுங்கள் அண்ணே, ஸ்பேனரை நானே எடுத்துத் தருகிறேன். ஆனால் அந்த ஒரு வண்டியை வைத்து எல்லாக் கான்டெசாவுக்கும் தீர்ப்பு எழுதலாமா? பின்னால் வந்த 1.8 ஜிஎல்எக்ஸில் இருப்பது இசுசு எஞ்சின், 88 குதிரைத்திறன். ஏசி ஓடினால் மேட்டில் கொஞ்சம் சோர்வு தெரியும், மறுக்கவில்லை. சுவிட்சை அணைத்தால், கேஸை அழுத்தும் கம்ப்ரசரின் கிளட்ச் விட்டுவிடும், புல்லி மட்டும் சும்மா சுற்றும். மேடு ஏறியதும் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். இதற்காகவா மொத்தத்தையும் பிடுங்குவது?

அடுத்து கேஸ். ஆர்-12 என்ற அந்தப் பழைய கேஸ் ஓசோனைக் கெடுக்கிறது என்று 1987இல் மான்ட்ரியலில் உடன்படிக்கை போட்டார்கள். 2010ஆம் ஆண்டோடு வளரும் நாடுகளிலும் அதன் உற்பத்தி நின்றது. சரி, கிடைக்காது. அதனால் என்ன? அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ கேஸ் இருக்கிறதே. ஆனால் கேஸை மட்டும் மாற்றி அடித்துவிட்டு, “பார்த்தீர்களா, குளிரவில்லை” என்று சொல்லக்கூடாது. கம்ப்ரசரில் இருக்கும் பழைய மினரல் ஆயில் புது கேஸோடு கலந்து ஓடாது. அப்படியே விட்டால் கம்ப்ரசர் எண்ணெய் இல்லாமல் தேய்ந்து இறுகிவிடும். ஆகவே ஆயிலை வடித்து, எஸ்டர் ஆயில் ஊற்ற வேண்டும். இணைப்புகளில் உள்ள ஓ-ரிங் ரப்பர் வளையங்களையும், ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்ற வேண்டும். லீக் பார்த்து, வேக்யூம் போட்டு ஈரத்தை இழுத்த பிறகு கேஸ் ஏற்ற வேண்டும், அதுவும் பழைய அளவில் 80 முதல் 90 சதவீதம்தான். புது கேஸில் அழுத்தம் ஏறும் என்பதால், கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்கு முன்னால் ஒரு எலக்ட்ரிக் ஃபேன் வைப்பது நல்லது. சிக்னலில் நிற்கும்போது பழைய குளிர் அப்படியே வராது. ஓட ஓட வரும். எனக்கு அது போதும்.

இன்னொன்று. கழற்றச் சொல்கிறவர்கள் முதலில் என்ன செய்கிறார்கள்? பைப்பைத் தளர்த்தி, மிச்சமிருக்கும் ஆர்-12ஐப் புஸ்ஸென்று வெளியே விடுகிறார்கள். ஓசோனைப் பற்றிப் பேசியவர்களும் இவர்கள்தான், நடுவர் அவர்களே!

“பத்திரமாகக் கழற்றிப் பரணில் வைத்துக்கொள்ளலாம், வேண்டும்போது மாட்டலாம்” என்றும் அண்ணன் சொன்னார். வாய் திறந்து கிடக்கும் டிரையர் காற்றிலுள்ள ஈரத்தை எல்லாம் குடித்துவிடும். பைப் உள்ளே அரிக்கும், கம்ப்ரசர் இறுகும். பரணிலிருந்து எடுக்கும்போது அதை எடைக்குத்தான் போடலாம். கூலிங் காயில் வேறு டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. அதை எடுக்க டேஷ்போர்டையே பிரிக்க வேண்டும். முப்பது வருடம் வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் அது. எத்தனை கிளிப் உடையாமல் திரும்பி வரும்?

மூன்றாவது, அந்தக் காலத்தில் ஏசி இல்லாமல் ஓட்டினோமாம். அப்போது வீட்டில் வேறு கார் கிடையாது, வெயிலோ புழுக்கமோ, அதில்தான் ஏறியாக வேண்டும். இப்போது அதே வாசலில் ஏசி போட்ட இன்னொரு கார் நிற்கிறது. மே மாதம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முகூர்த்தத்துக்குக் கிளம்பும் அம்மா எதில் ஏறுவார்? பிள்ளைகள் எதில் ஏறுவார்கள்? கான்டெசா மூடிய உறைக்குள்ளேயே நிற்கும். நிற்கிற காருக்குத்தான் பேட்டரி சாகும், கார்புரேட்டரில் பெட்ரோல் பிசின் கட்டும், ஒயரை எலி கடிக்கும். எடை குறைகிறது, எஞ்சினுக்கு நல்லது என்றீர்களே, ஓடாத வண்டியில் எடை குறைந்து யாருக்கு லாபம்?

கடைசியாக, எதிரணியில் யாருமே தொடாத விஷயம் மழை. ஏசி காற்றைக் குளிர வைப்பதோடு நிற்பதில்லை. கூலிங் காயிலில் ஈரத்தைத் தண்ணீராக இறக்கிக் கீழே சொட்டவும் விடுகிறது. வண்டிக்குள் நான்கு பேர், வெளியே சென்னை மழை, ஜன்னலைத் திறந்தால் உள்ளே குளம். மூடினால் இரண்டே நிமிடத்தில் முன்கண்ணாடி வெள்ளையாகிவிடும். ஏசியை அந்தக் கண்ணாடி பக்கம் திருப்பிவிட்டால் ஈரம் காய்ந்து பாதை தெரியும். ஹீட்டர் போடலாமே என்பார்கள். சென்னையில், நான்கு பேரோடு, ஹீட்டரா?

அடுத்து பேச வரும் எதிரணித் தோழர் மற்றதை எல்லாம் விடட்டும். நவம்பர் ராத்திரியில் கிண்டி பாலத்தின் மேல், எதிரே லாரி விளக்கு அடிக்கும்போது, ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறுகையில் கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணியுமாக அவர் எப்படி ஓட்டுவார் என்று மட்டும் இந்த மேடையில் நடித்துக் காட்டட்டும். நன்றி, வணக்கம்.