தானாகப் பூட்டும் டிஃபரென்ஷியல்: கோளாறு எங்கே இருக்கிறது?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் குமரி மாவட்டத்துக்கு மழை இரண்டு தடவை. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மாறாமலை கிராம்புத் தோட்டங்களுக்கும் கீரிப்பாறை ரப்பர் தோட்டங்களுக்கும் ஏறுகிற மண்பாதைகள் இந்த மாதங்களில் வண்டியை நிற்கவே விடாது. அந்தப் பாதைகளில் ஓடும் ஜீப்புகள்தான் என் பட்டறைக்கு வருகின்றன. வருகிறவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் ஒன்று உண்டு: "பின்பக்க லாக் வேலை செய்யவில்லை, ஹவுசிங்கைக் கழற்றிப் பாருங்கள்."

லாக் என்பது பின்சக்கரங்கள் இரண்டையும் ஒன்றாகப் பூட்டும் ஏற்பாடு. ஹவுசிங் என்பது அது இருக்கும் பின் ஆக்ஸில் கூடு. கழற்றுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவற்றைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். லாக்கின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு வருகிற வண்டிகளில் பெரும்பாலானவற்றில் லாக் நன்றாகவே இருக்கிறது. கோளாறு டயரில் இருக்கும், எண்ணெயில் இருக்கும், எஞ்சின் ஓட்டத்தைப் பின்பக்கம் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டான கிராஸில் இருக்கும். பல நேரங்களில் ஓட்டுகிறவரின் வலது காலில் இருக்கும். ஹவுசிங்கைத் திறந்து, பெரிய பல்சக்கரமான கிரௌனை எடுத்து, மறுபடி பொருத்தும்போது பல்லிடைவெளி இம்மி பிசகினாலும் இல்லாத சத்தம் புதிதாகப் பிறக்கும். ஆகவே திறப்பது கடைசி வேலையாகவே இருக்க வேண்டும்.

வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓடியாக வேண்டும். அதற்கு இடம் கொடுப்பது டிஃபரென்ஷியல். அதன் குறையும் அதிலேயே இருக்கிறது. ஒரு சக்கரம் சேற்றில் பிடிப்பிழந்து சுற்றத் தொடங்கினால் ஓட்டமெல்லாம் அதற்கே போய்விடும். கெட்டித் தரையில் நிற்கும் மறு சக்கரம் அசையாது. இதைச் சரிக்கட்ட வந்ததுதான் பூட்டு. ஃபோர்ஸ் கூர்க்காவில் உள்ளதுபோல் ஓட்டுநரே கையால் போடும் பூட்டும் உண்டு. நான் பேசுவது தானாக விழும் பூட்டைப் பற்றி.

அதிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, உங்கள் வண்டியில் இருப்பது எது என்பது. ஈட்டன் நிறுவனத்தின் மெக்கானிக்கல் லாக்கர் 1973-இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் வந்தது. இங்கே 2015-இல் மஹிந்திரா தார் ஜீப்பின் பின் ஆக்ஸிலுக்கு வந்து சேர்ந்தது. இது சாதாரணமாகத் திறந்தே இருக்கும். சக்கரம் வழுக்கினால் பூட்டும். டெட்ராய்ட் லாக்கர் இதற்கு நேர் எதிர். அது எப்போதும் பூட்டியே இருக்கும். வளைவில் மட்டும் வெளிச்சக்கரத்தை விட்டுக்கொடுக்கும். அப்போது கடகடவென்று பல் தாண்டும் சத்தம் வரும். அது அதன் இயல்பு. அதே சத்தம் ஈட்டன் லாக்கரில் வந்தால் விசாரித்தே ஆக வேண்டும். கைமாறி வந்த பழைய ஜீப்பை ஓட்டுகிறவர்கள் பலருக்கு முந்தைய உரிமையாளர் உள்ளே எதை மாட்டினார் என்பதே தெரியாது. தெரியாத பொருளுக்கு வைத்தியம் பார்க்க முடியாது.

ஈட்டன் லாக்கருக்குள் கைக்குள் அடங்குகிற ஒரு கவர்னர் இருக்கிறது. அதில் இரண்டு சிறு எடைகள், ஒரு ஸ்பிரிங். இரு சக்கரங்களின் ஓட்டத்தில் வித்தியாசம் ஏற்பட்டால் இந்தக் கவர்னர் பல மடங்கு வேகமாகச் சுழலும். வித்தியாசம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றை எட்டும்போது எடைகள் விரிந்து ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்ளும். கவர்னர் நின்றதும் அதோடு பல்லால் இணைந்த கேம் தட்டும் நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும் பக்கக் கியர் அந்தத் தட்டின் சரிவில் ஏறி, இருபுறமும் உள்ள கிளட்ச் தட்டுகளை இறுக்கும். இரு சக்கரமும் ஒன்றாகிவிடும். வண்டியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டரைத் தாண்டினால் அந்தக் கொக்கியே விலகிக்கொள்ளும். வேகத்தில் போகும்போது பூட்டு விழக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

இந்த இரண்டு எண்களும் மனதில் இருந்தால் பாதி நோய் தானாகவே பிடிபட்டுவிடும். 10 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து மீட்டர் ஆரத்தில் வண்டியைத் திருப்புகிறீர்கள் என்று வையுங்கள். ஜீப்பின் டயர் அளவுக்குக் கணக்குப் போட்டால் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 70 சுற்று ஓடும். உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் 20 சுற்றுதான் வரும். 100 எங்கே, 20 எங்கே! ஆகவே நல்ல நிலையில் உள்ள லாக், காய்ந்த தார் ரோட்டில் வளைக்கும்போது விழ வாய்ப்பே இல்லை. பெட்ரோல் பங்கில் வண்டியைத் திருப்பும்போதே பூட்டு விழுந்து டயர் துள்ளுகிறது என்றால், கவர்னரின் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம், அல்லது எடை விரிந்த நிலையிலேயே சிக்கியிருக்கலாம். அது உண்மையான லாக் கோளாறு. அதற்கு ஹவுசிங்கைத் திறக்கத்தான் வேண்டும்.

ஆனால் அப்படி முடிவுகட்டுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். மலையிலிருந்து இறங்கிய வண்டியில் நான்கு சக்கர ஓட்டத்தை விடுவித்தீர்களா? கிராம்புத் தோட்டத்து ஜீப் ஒன்று, வளைவில் ஸ்டீயரிங் கனக்கிறது, லாக் ஒட்டிக்கொண்டது என்று சொல்லி வந்தது. நானே ஏறி உட்கார்ந்தேன். ஓட்டத்தை முன்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லிவர் நான்கு சக்கர ஓட்டத்திலேயே இருந்தது. மலையடிவாரத்திலிருந்து நாகர்கோவில் வரை தார் ரோட்டில் அப்படியே ஓட்டி வந்திருக்கிறார். முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து முறுக்கேறியிருந்தது. லிவரை எடுத்து, வண்டியைக் கொஞ்ச தூரம் பின்னால் நகர்த்தியதும் முறுக்கு விட்டது, ஸ்டீயரிங்கும் இளகியது. டிஃபரென்ஷியலுக்கும் அந்தக் கனத்துக்கும் சம்பந்தமே இல்லை.

இனி, பூட்டு விழவே இல்லை என்ற புகார். இதில்தான் வலது கால் வருகிறது. ஏற்றத்தில் சக்கரம் சுற்றத் தொடங்கியதும் பயந்து காலை எடுக்கிறார்கள், மறுபடி மிதிக்கிறார்கள், மறுபடி எடுக்கிறார்கள். 100 சுற்று வித்தியாசம் வருவதற்குள் கால் மேலே வந்துவிட்டால் கவர்னர் என்ன செய்யும்? ஆக்ஸிலரேட்டரை லேசாக, ஒரே சீராகப் பிடியுங்கள். சக்கரம் ஒரு நொடி சுற்றட்டும். 'டக்' என்று வண்டியின் அடிவயிற்றில் ஒரு சத்தம் கேட்கும். வண்டி முன்னால் அசையும். அந்தச் சத்தம் நல்ல சத்தம்.

இதற்கு மறுகோடியில் இருக்கிறவர்கள்தான் பொருளை உடைக்கிறார்கள். முழு மிதி மிதித்து, சேறு கூரைக்கு மேல் பறக்க சக்கரத்தைச் சுழலவிட்டு, அந்த வேகத்தில் பூட்டு விழுந்தால் கவர்னர் எடையோ கொக்கியின் பல்லோ தாங்காது. உடைந்த துண்டு கிரௌனுக்குள் போனால் செலவு பல மடங்கு. வழுக்கும் சக்கரத்தைப் பிரேக் போட்டு அடக்குகிற மின்னணு ஏற்பாடு உள்ள புதிய வண்டிகளில், அது முந்திக்கொண்டு சுழற்சியைக் குறைத்தால் மெக்கானிக்கல் லாக்குக்கு வேலை வராமல் போகும். அதையும் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம்.

அடுத்தது எண்ணெய். நம் பாதைகளில் ஓடை கடக்காத தோட்டம் அபூர்வம். ஏறி வந்த சூட்டோடு ஹவுசிங் குளிர்ந்த ஓடைநீரில் இறங்கினால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கும். ஹவுசிங்கின் மேலே மூச்சு விடுவதற்கு ஒரு பிரீதர் இருக்கிறது. அது சேறு அடைத்திருந்தால் உள்ளே இழுக்கும் விசை ஆயில் சீல் வழியாகத் தண்ணீரைக் குடித்துவிடும். எண்ணெய் பால் காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று உடனே சொல்லிவிடலாம். அதில் கிளட்ச் தட்டுகள் ஒழுங்காகப் பிடிக்காது. வளைவில் முனகல் கேட்கும்.

எண்ணெய் வடிக்கும் அடைப்பு போல்ட்டில் காந்தம் இருந்தால் அதைத் துடைத்துவிட்டுத் தூக்கிப் போடாதீர்கள். விரலால் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை போல் நைசாக இருந்தால் அது வழக்கமான தேய்மானம். நகத்தில் இடறும் செதில் இருந்தால் பேரிங்கோ கியர் பல்லோ உதிர்கிறது. முறிந்த துண்டு ஏதாவது கிடைத்தால் வண்டியை ஓட்டவே கூடாது.

எண்ணெயை மாற்றும்போது வண்டியின் கையேட்டில் எழுதியிருக்கும் கியர் ஆயிலையே ஊற்றுங்கள். முனகலைப் போக்கும் என்று சொல்லி லிமிடெட் ஸ்லிப் (வழுக்கலை ஓரளவு மட்டும் அடக்கும் டிஃபரென்ஷியல்) வகைக்கான மருந்தைச் சிலர் சேர்க்கிறார்கள். கையேட்டில் சொல்லாவிட்டால் வேண்டாம். வழுக்கல் கூடி, பூட்டு விழுவது தாமதமாகும்.

சத்தத்தைப் பிரித்துக் கேட்கவும் பழக வேண்டும். கிளட்சை விட்டதும் ஒரு 'டக்', காலை எடுத்ததும் ஒரு 'டக்' என்றால் முதலில் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள், கிராஸ் தேய்ந்திருக்கும். பட்டை ஸ்பிரிங்கின் யூ போல்ட் தளர்ந்திருந்தாலும் இதே சத்தம் வரும். காலை மிதித்தாலும் எடுத்தாலும் மாறாமல், வேகம் கூடும்போது மட்டும் கூடுகிற இரைச்சல் பேரிங்கின் இரைச்சல். மிதிக்கும்போது ஒரு மாதிரி, எடுக்கும்போது வேறு மாதிரி என்றால் கிரௌன், அதை ஓட்டும் சிறு பல்சக்கரமான பினியன். நேராகப் போகும்போது அமைதியாக இருந்து வளைவில் மட்டும் பேசினால் அப்போதுதான் டிஃபரென்ஷியலின் உள்பகுதியைச் சந்தேகிக்க வேண்டும். பின் ஆக்ஸிலில் ஒரு புது டயரும் ஒரு மொட்டை டயரும் போட்டு ஓட்டினால் ஈட்டன் லாக் பூட்டிவிடாது. ஆனால் டெட்ராய்ட் லாக்கர் உள்ள வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இரண்டுக்கும் தேய்மானம்தான்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால் ஜாக்கி வைத்துப் பார்க்கலாம். சமதரையில் முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, பின்பக்கம் இரண்டு சக்கரங்களையும் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எஞ்சின் நின்றிருக்க வேண்டும், வண்டி கியரில் இருக்க வேண்டும், கைப்பிரேக் விட்டிருக்க வேண்டும். ஒரு சக்கரத்தை மெதுவாகத் திருப்புங்கள். மறு சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்பும். இப்போது அதையே வெடுக்கென்று, நொடிக்கு ஒரு சுற்று வேகத்தில் சுழற்றுங்கள். நல்ல லாக் கையை உதறுவதுபோல் பிடித்து நிற்கும். எதிர்ப்பக்கம் கொஞ்சம் திருப்பினால் விட்டுவிடும். மெதுவாகவும் வேகமாகவும் ஒரே மாதிரி ஓடிக்கொண்டே இருந்தால் கவர்னர் போய்விட்டது, அல்லது கேம் தட்டின் பற்கள் போய்விட்டன. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும், செலவு ஒன்றும் இல்லை.

டெட்ராய்ட் லாக்கருக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இடது சக்கரத்தைப் பின்பக்கமாக அழுத்திப் பிடிக்க, மற்றவர் வலது சக்கரத்தை முன்பக்கம் திருப்பினால் கடகடவென்று தாண்டிச் சுற்ற வேண்டும். பிறகு பிடிக்கும் திசையையும் திருப்பும் திசையையும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையை அழுத்தியே சொல்கிறேன். ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிவிட்டு எஞ்சினை ஓட்டிக் கியர் போட்டுப் பார்க்கவே கூடாது. சாதாரண டிஃபரென்ஷியலில் தூக்கிய சக்கரம் மட்டும் சுற்றும். லாக் உள்ள வண்டியில் தரையில் இருக்கிற சக்கரமும் ஓடும். வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்துவிடும். கீழே ஆள் படுத்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

லாக் பழுதாகிவிட்டால் டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் சிறு பல்சக்கரங்களான ஸ்பைடர் கியரை வெல்டிங் வைத்து நிரந்தரமாக ஒட்டிவிடலாம் என்று யோசனை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நம் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் அது டயரைத் தின்னும், ஆக்ஸிலை முறிக்கும், ஈரமான தார் ரோட்டில் பின்பக்கத்தை வெளியே தள்ளும். பணம் சேரும் வரை சாதாரண டிஃபரென்ஷியலோடு ஓட்டுவது எவ்வளவோ மேல்.

பட்டறைக்கு வரும்போது சத்தம் எந்த வேகத்தில் வருகிறது, நேர்பாதையிலா வளைவிலா, காலை மிதிக்கும்போதா எடுக்கும்போதா என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். வரும் வழியிலேயே எண்ணெயை மாற்றிவிட்டால் பழைய எண்ணெயைக் கொட்டிவிடாமல் ஒரு பாட்டிலில் எடுத்து வாருங்கள். வணக்கம்.