அர்ரியுஸின் 'ஹ'

அவையோருக்கு வணக்கம்.

ஒரு வரியைச் சொல்கிறேன். "'கொம்மோதா' என்று சொல்ல நினைத்தபோதெல்லாம் அவன் 'கொம்மோதா' என்றான்." சுவை ஏதாவது தெரிகிறதா? எனக்கும் முதலில் தெரியவில்லை. இது கி.மு. முதல் நூற்றாண்டு ரோமானியக் கவிஞர் கத்துல்லுஸின் ஒரு கேலிக் கவிதைக்கு முதல் வரி. பதினான்காம் நூற்றாண்டு இத்தாலியக் கையெழுத்துப் பிரதிகளில் இப்படித்தான் உப்புச்சப்பில்லாமல் கிடந்தது.

அர்ரியுஸ் என்ற அந்த ஆள், பெரிய மனிதனாகக் காட்டிக்கொள்ள வேண்டாத இடத்திலெல்லாம் 'ஹ' ஒலியைச் செருகிப் பேசுவான். சலுகைகள் என்று பொருள்படும் 'கொம்மோதா', அவன் வாயில் 'க்ஹொம்மோதா'. கவிதையின் உயிரே அந்த 'ஹ'தான். ஆனால் அந்த ஒலி இத்தாலியர் நாவிலிருந்து என்றோ மறைந்துவிட்டது. படியெடுத்த யாரோ ஒருவர் அதைப் பிழை என்று நினைத்து நல்லெண்ணத்தோடு திருத்தியிருக்க வேண்டும். கவனக்குறைவைவிட இத்தகைய அக்கறைதான் பழைய நூல்களை அதிகம் பாழாக்குகிறது என்பது என் கருத்து.

பிளாரன்ஸ் அறிஞர் ஆஞ்சலோ பொலிட்சியானோ 1489-ல் வெளியிட்ட நூலில் இந்த முடிச்சை அவிழ்த்தார். 'ஹ' ஒலியை மிகையாகப் பயன்படுத்துவது பற்றிப் பேசும் இடத்தில், பண்டைய ரோமானிய ஆசிரியர் குவின்டிலியன் கத்துல்லுஸின் கவிதை ஒன்றைச் சுட்டியிருக்கிறார். அந்தச் சிறு குறிப்பு போதுமானதாக இருந்தது. 'ஹ' திரும்பியது, சிரிப்பும் திரும்பியது. கவிதையின் முடிவைக் கேளுங்கள்: அர்ரியுஸ் சிரியாவுக்குப் போகிறான், ஊரார் காதுகளுக்கு ஓய்வு. திடீரென ஒரு பயங்கரச் செய்தி! அவன் அந்த வழியாகப் போனபின், இத்தாலிக்கும் கிரேக்கத்துக்கும் நடுவிலுள்ள இயோனியக் கடல் 'ஹியோனிய'க் கடலாகிவிட்டதாம்.

கத்துல்லுஸின் தொகுப்பு முழுவதும் ஒரே நூலிழையில் தொங்கியது. 1300-ஐ ஒட்டி, அவர் பிறந்த வெரோனாவில் தலைகாட்டிய ஒரு பிரதி மறுபடியும் தொலைந்துபோனது. அதன் வழிவந்த மூன்று பழைய பிரதிகள் ஆக்ஸ்போர்டு, பாரிஸ், வத்திக்கான் நூலகங்களில் உள்ளன. வத்திக்கான் பிரதி பிளாரன்ஸின் அரசுச் செயலர் கொலுச்சியோ சலுத்தாத்தியுடையது. அவர் ஓரங்களில் தம் கையாலேயே பாடவேறுபாடுகளை, அதாவது ஒரே இடத்துக்குக் கிடைத்த மாற்றுச் சொற்களை, குறித்து வைத்தார். எது சரி என்று தெரியாத இடத்தில் இரண்டையும் காப்பாற்றிய அந்தப் பொறுமை என்னை நெகிழவைக்கிறது. அப்பிரதியை 1896-ல்தான் அமெரிக்க அறிஞர் வில்லியம் ஹேல் அடையாளம் கண்டார்.

1375 என்று தேதியிட்ட பாரிஸ் பிரதியில் எழுதியவரின் வேண்டுகோள் ஒன்று இருக்கிறது. வாசகனே, பிழை மலிந்திருந்தால் பொறுத்துக்கொள். எனக்குக் கிடைத்த மூலமே சிதைந்தது. நூல் இல்லாமலே போவதைவிடச் சிதைவோடாவது இருக்கட்டும் என்று எழுதினேன். வேறு பிரதி வெளிப்பட்டால் அதைக்கொண்டு திருத்திக்கொள்ளலாம் என்கிறார்.

அந்த மூலத்துக்கு முந்திய வேறு முழுப் பிரதி இன்றுவரை வெளிப்படவில்லை.