பஸ்காக்ஸும் ஒரு சிறிய மண்டபமும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, தமது பணிகளுக்கிடையே இங்கு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகரசபை உறுப்பினர் அம்மையார் அவர்களே, வாரந்தோறும் நம் பிள்ளைகளுக்கு மிருதங்கமும் வயலினும் கற்பித்துவரும் ஆசிரியப் பெருமக்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, பின்னால் கிட்டார் பைகளோடு நிற்கும் இளையோரே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்கு முன்பு உரையாற்றிய ஐயா அவர்கள் நாட்டுப்பாடல்களைப் பற்றிச் சொன்னவற்றைக் கேட்டபின், அவையும், எளிமையும் வேகமும் கொண்ட ராக் இசையான பங்க் இசையும் உறவுக்காரர்கள் என்ற என் எண்ணம் உறுதிப்பட்டிருக்கிறது.

பஸ்காக்ஸ் என்ற இங்கிலாந்துப் பங்க் குழுவைப் பற்றி மூன்று செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்: அவர்களுடைய மெட்டு, பாடல் வரிகள், சொந்தக் கடனில் இசைத்தட்டு வெளியிட்ட துணிவு. மூன்றுக்கும் பொருந்துகிற பழமொழி ஒன்று நம்மிடம் உண்டு. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது.

இந்தக் குழுவைத் தொடங்கியவர்கள், போல்ட்டன் தொழில்நுட்பக் கல்லூரியில் சந்தித்துக்கொண்ட பீட் ஷெல்லியும் ஹோவர்ட் டெவோட்டோவும். அவர்கள் 1976 பிப்ரவரியில் ஒரு பத்திரிகைக் குறிப்பைப் படித்துவிட்டு, கார் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற லண்டன் பங்க் குழுவைப் பார்க்கத் தெற்கே போனார்கள். அதோடு நில்லாமல், அந்தக் குழுவைத் தங்கள் வட்டாரத்துக்கே அழைப்பது என்று முடிவுசெய்து, மான்செஸ்டர் நகரத்து ஃப்ரீ டிரேட் ஹாலின் மாடியிலிருந்த சிறிய மண்டபத்தை வாடகைக்கு எடுத்தார்கள். ஜூன் 4 அன்று நிகழ்ச்சி. நுழைவுக் கட்டணம் 50 பென்ஸ். தாங்களும் அன்று மேடையேற எண்ணியிருந்தவர்களுக்குக் குழு முழுமையாக அமையவில்லை. ஆகவே ஷெல்லி சீட்டு விற்க உட்கார்ந்துவிட்டார். அந்த நேரத்தில் ஸ்டீவ் டிகிள் என்ற இளைஞர் வெளியே வேறு யாருக்காகவோ காத்து நிற்கிறார். தெரியாத ஒருவரோடு சேர்ந்து குழு தொடங்குவதாக அவருக்கு ஏற்பாடு. செக்ஸ் பிஸ்டல்ஸின் மேலாளர் மால்கம் மெக்லாரன் வாசலுக்கு வந்து பார்க்கிறார். ஷெல்லி எதிர்பார்த்திருந்த பேஸ் கிட்டார்காரர் இவர்தான் என்று நினைத்து, உள்ளே கூட்டிப்போய் ஷெல்லியிடமே ஒப்படைத்துவிடுகிறார்! ஆள் மாறாட்டம்தான், ஆனாலும் பேச்சு தொடங்கியது, டிகிள் குழுவில் சேர்ந்தார், ஜான் மஹர் டிரம்ஸ் வாசிக்க வந்தார், ஜூலை 20 அன்று அதே மண்டபத்தில் செக்ஸ் பிஸ்டல்ஸுக்கு முன்னால் பஸ்காக்ஸ் மேடையேறியது. முதல் நிகழ்ச்சிக்கு வந்தவர்கள் நாற்பது பேர் அளவில்தான் இருப்பார்கள் என்பார்கள். அந்தச் சிறு கூட்டத்தில் நின்ற பீட்டர் ஹுக், பெர்னார்ட் சம்னர் இருவரும் பிற்பாடு ஜாய் டிவிஷன் என்ற இசைக்குழுவை உருவாக்கினார்கள். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று நான் சொல்வது இதைத்தான்.

அந்த ஆண்டு டிசம்பரில் உறவினரிடமும் நண்பரிடமும் 500 பவுண்டு கடன் பெற்று, மார்ட்டின் ஹானட்டின் தயாரிப்பில் நான்கு பாடல்களைப் பதிவுசெய்தார்கள். 1977 ஜனவரியில் ‘ஸ்பைரல் ஸ்க்ராட்ச்’ என்ற பெயரில், நியூ ஹார்மோன்ஸ் என்ற தங்கள் சொந்த நிறுவனத்தின் வழியாக, முதலில் 1,000 பிரதிகள் வெளிவந்தன. அதன் உறையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: பிக்கடிலி தோட்டத்துச் சிலையடியில் எடுத்த போலராய்டு படம், பின்புறத்தில் ஒவ்வொரு பாடலும் எத்தனையாவது முயற்சியில் பதிவானது, அந்தப் பதிவின்மேல் பிறகு என்ன வாசித்துச் சேர்க்கப்பட்டது என்ற விவரம். ‘உன்னாலும் முடியும்’ என்று கேட்பவனுக்குச் செய்முறை எழுதிக் கொடுத்தது போன்ற உறை அது. அதிலுள்ள ‘போர்டம்’ (சலிப்பு) பாடலில் ஷெல்லி மேற்பகுதி உடைந்த மலிவான கிட்டாரில் இரண்டே ஸ்வரங்களைத் திரும்பத் திரும்ப வாசித்தார். வித்தை காட்டும் நீண்ட கிட்டார் தனிவாசிப்புகளுக்கு அதைவிடத் தெளிவான மறுமொழி வேண்டியதில்லை.

டெவோட்டோ விலகியபின் ஷெல்லி பாடகரானார். டிகிள் கிட்டாருக்கு மாறினார். மெட்டு முன்னுக்கு வந்தது. 1978இல் வெளியாகிப் பிரிட்டிஷ் தரவரிசையில் 12ஆம் இடத்தை எட்டிய ‘எவர் ஃபாலன் இன் லவ்’ மூன்று நிமிடம்கூட நீளாது. வேகமும் ஏக்கமும் ஒன்றையொன்று விடாமல் ஓடுகின்றன. காதலிக்கப்படுபவர் ஆணா பெண்ணா என்று சொல்லாமல் எழுதினார் ஷெல்லி. எனவே அது எவருடைய பாடலாகவும் ஆகிவிடுகிறது. வரிகளைப் பற்றி இன்னும் விரிவாகப் பேசவேண்டும்; ஆனால் இந்த மேடையில் நான் அவசியம் சொல்லவேண்டியது வேறொன்று இருக்கிறது.

இவ்வளவுக்கும் வழிவிட்டது மாணவர்களால் வாடகை கொடுக்க முடிந்த ஒரு மாடி மண்டபம். ஃப்ரீ டிரேட் ஹால் கட்டடம் இன்று சொகுசு விடுதியாகிவிட்டது. நாம் அமர்ந்திருக்கும் இந்தக் கூடத்தின் மாடியறையும், வருமானம் போதவில்லை என்ற காரணத்தால், கிடங்காக்கப்படவிருக்கிறது. பின்னால் நிற்கும் பிள்ளைகள் வாரந்தோறும் பயிற்சி செய்வது அந்த அறையில்தான். மிருதங்க வகுப்பு நடப்பதும் அங்கேயே. ஷெல்லி 2018இல் மறைந்தபோது அஞ்சலி செலுத்தியவர்கள் பலர். அவரை உண்மையாக மதிப்பவர்கள் இப்படிப்பட்ட அறைகளைப் பூட்டவிடக்கூடாது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பதை, வருமானக் கணக்கை மட்டும் பார்ப்பவர்களுக்கு நாம்தான் எடுத்துச்சொல்ல வேண்டும்.

அம்மையார் அவர்களே, அந்த அறையைக் குறைந்த வாடகையில் தொடர்ந்து திறந்து வைக்க வேண்டுமென்று நகரசபையின் அடுத்த கூட்டத்தில் தாங்கள் பேச வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். மனுவின் படிகள் வாசல் மேசையில் இருக்கின்றன; கையொப்பமிடாமல் எவரும் வீடு திரும்பவேண்டாம்.